இழந்ததும் மீட்டதும்

பொருளை இழந்தவன் உழைத்து அதனை மீண்டும் ஈட்டலாம். உடல்நலம் இழந்தவன் மருந்துண்டு தேறலாம். தன் தாய் யார், தந்தை யார், தன் மொழி எது, தன் முன்னோர் வாழ்ந்த மண் எது என்னும் அறிவையே ஒருவன் இழந்துவிட்டால், அவன் எதைத் தேடுவான்? எங்கே சென்று தேடுவான்? இழந்த பொருளின் பெயரை அறிந்தவனே அதனைத் தேட இயலும். இழந்தது இன்னதென்றும் அறியாதவன் நிலை மிகவும் இரங்கத்தக்கது. அத்தகைய இழப்புக்கு மூன்று வயது நிறையுமுன்னரே ஆளாகி, இருபது ஆண்டுகள் அயலார் நடுவே அலைந்து, இறுதியில் தம் குடியையும் மொழியையும் கண்டடைந்து, அவ்வரலாற்றை உலகறிய எழுதிய ஒருவர் கனடா நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ரிச்சர்டு வாகமீஸ். அவர் ஓஜிப்வே என்னும் தொல்குடியில் பிறந்தவர்.

ஏரி நாட்டு மக்கள்

வட அமெரிக்காவில் கடல்போலப் பரந்து கிடக்கும் பேரேரிகள் ஐந்து உள்ளன. அவற்றுள் பெரியது சுப்பீரியர் ஏரி. பரப்பளவால் உலகத்து நன்னீர் ஏரிகளுள் அதுவே முதன்மையானது. அவ்வேரியைச் சூழ்ந்த காடுகளிலும், அதற்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள எண்ணற்ற ஏரிகளின் கரைகளிலும் ஓஜிப்வே மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் தங்களை அனிஷினாபே என்று கூறிக்கொள்வர். கடல்வழி தேடி வந்த ஐரோப்பியர், தாம் இந்தியாவை அடைந்துவிட்டதாக மயங்கி, அம்மண்ணின் மக்களை எல்லாம் இந்தியர் என்று அழைத்தனர். செவ்விந்தியர் என்னும் பெயர் அப்பிழையின் வழியே வந்ததாகும்.

ஓஜிப்வே மக்கள் காட்டையும் நீரையும் நம்பி வாழ்ந்தவர்கள். பூர்ச்ச மரத்தின் பட்டையை உரித்து, ஊசியிலை மரத்தின் வேரால் தைத்து, அம்மரத்துப் பிசினால் பொருத்துவாயை அடைத்து, அவர்கள் செய்த படகுகள் ஓராள் தோளில் தூக்கத்தக்க எளிமையும், பெருஞ்சுமை தாங்கும் வலிமையும் உடையன. ஆழமற்ற ஏரிகளில் தானாக விளையும் ஒருவகைக் காட்டரிசி அவர்களுடைய முதன்மை உணவுகளுள் ஒன்று. கோடையின் இறுதியில் ஒருவர் படகைச் செலுத்த, மற்றொருவர் இரு கோல்களால் கதிரை வளைத்து மெல்லத் தட்டி மணிகளைப் படகினுள் உதிர்ப்பார். நீரில் சிந்தும் மணிகள் மறு ஆண்டுக்கு விதையாகும். தமக்கு வேண்டியதை எடுத்து, வருங்காலத்துக்கு வேண்டியதை விட்டுவைக்கும் பண்பு அவர்கள் உழவிலேயே அமைந்திருந்தது.

குளிர்காலத்தில் நிலம் பனியால் மூடப்படும். நெருப்பைச் சுற்றி அமர்ந்து பழங்கதை கேட்கும் காலம் அதுவே. கதை சொல்லும் முதியோரே அம்மக்களின் ஆசிரியர். நெருப்படியே அவர்களின் பள்ளி. நட்பும் நாணமும், துணிவும் பொறுமையும் ஆகிய அறங்களைச் சிறுவர்கள் அக்கதைகளின் வாயிலாகக் கற்றனர்.

பெயர் காட்டும் வரலாறு

ஓஜிப்வே மக்களிடையே கொக்கு, கரடி, மீன் முதலியவற்றைச் சின்னமாகக் கொண்ட குலங்கள் பல உண்டு. குலத்தை அவர்கள் ‘தோதேம்’ என்பர். ஆங்கிலத்தில் குலக்குறியைச் சுட்டும் ‘டோட்டம்’ என்னும் சொல் இதிலிருந்து பிறந்ததே. வாகமீஸ், ஸ்டர்ஜன் என்னும் பெருமீனைச் சின்னமாகக் கொண்ட குலத்தவர்.

வாகமீஸ் என்னும் குடும்பப் பெயரும் ஒரு கதையை உடையது. அவருடைய முன்னோர் வின்னிபெக் ஆற்றின் கரையோரமாக நடந்து, கண்ணி வைத்து விலங்குகளைப் பிடித்து வாழ்ந்தனர். வளைந்த நீரின் ஓரமாக நடப்பவன் என்னும் பொருள் தரும் நீண்ட தொடரே முதலில் அவர்கள் பெயராக இருந்தது. உடன்படிக்கைப் பதிவேட்டில் பெயர் எழுத வந்த அலுவலர் அத்தொடரை முழுமையாகக் காதில் வாங்க இயலாமல், தமக்குப் பிடிபட்ட பகுதியை மட்டும் எழுதிக்கொண்டார். அதுவே வாகமீஸ் என நிலைத்தது. ஒரு மனிதனையும் அவன் நடந்த ஆற்றங்கரையையும் சேர்த்துக் காட்டிய பெயர், ஏட்டில் ஏறியபோது பொருளற்ற ஒலியாகக் குறுகிப் போயிற்று. அக்குடிக்கு நேர்ந்த பேரிழப்புகளுக்கு இச்சிற்றிழப்பு ஒரு முன்னறிவிப்பாயிற்று எனலாம்.

உறைவிடப் பள்ளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடா அரசு, தொல்குடி மக்களைத் தம் பழைய வாழ்வினின்று பிரித்து, வெள்ளையர் வழக்கத்துக்கு உட்படுத்த எண்ணியது. பெரியோரை மாற்றுதல் அரிது. ஆகவே குழந்தைகளைப் பிரித்தெடுத்தல் வேண்டும் என்று ஆட்சியாளர் கருதினர். அரசின் பொருளுதவியோடும் கிறித்தவத் திருச்சபைகளின் பொறுப்பிலும் உறைவிடப் பள்ளிகள் நாடெங்கும் அமைக்கப்பெற்றன. 1920-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், தொல்குடிக் குழந்தைகளைப் பள்ளிக்குக் கட்டாயமாகக் கொண்டு செல்ல அரசுக்கு அதிகாரம் அளித்தது.

பள்ளியை அடைந்த குழந்தையின் நீண்ட கூந்தல் வெட்டப்படும். வீட்டு உடை களையப்படும். பல பள்ளிகளில் பெயருக்கு மாறாக எண் வழங்கப்படும். அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் இருந்தாலும் தனித்தனியே வைக்கப்படுவர். தாய்மொழியில் ஒரு சொல் கூறினும் தண்டனை கிடைக்கும். போதிய உணவின்றியும், நெருக்கமான இடங்களில் பரவிய காசநோய் முதலியவற்றாலும் குழந்தைகள் பலர் இறந்தனர். அடிக்கும் இழிசெயல்களுக்கும் ஆளானவர் பலர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்ற இப்பள்ளிகளில் 1,50,000 குழந்தைகள் வரை பயின்றனர் என்று பின்னாளில் ஆராய்ந்த ஆணையம் கூறியது. 3,000-க்கு மேற்பட்ட குழந்தைகளின் இறப்பையும் அது பதிவேடுகளிலிருந்து எடுத்துக்காட்டியது. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில்தான்.

இப்பள்ளிகளால் விளைந்த தீமை, பயின்றவரோடு முடிந்துவிடவில்லை. தாயின் மடியில் வளராத சிறுமி, தான் தாயானபோது பிள்ளையை அணைக்கும் வகை அறியாது திகைத்தாள். தந்தையின் கைப்பற்றி நடவாத சிறுவன், தான் தந்தையானபோது மகனுக்கு வழிகாட்ட அறியாது விலகினான். உள்ளத்தின் வேதனையை மறக்கப் பலர் மதுவை நாடினர். இவ்வாறு ஒரு தலைமுறையின் புண், அடுத்த தலைமுறையின் நோயாயிற்று. வாகமீஸின் பெற்றோரும் உற்றாரும் அப்பள்ளிகளில் பயின்றவர்கள். அவர் அப்பள்ளியின் வாயிலை மிதித்தவர் அல்லர். எனினும் அப்பள்ளியால் கெட்டவர்களுள் தாமும் ஒருவரே என்று அவர் எழுதினார். அவர் வாழ்க்கையை நோக்குவார்க்கு அக்கூற்றின் உண்மை விளங்கும்.

பனிமேல் ஒரு பயணம்

ரிச்சர்டு வாகமீஸ் 1955-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்குக் காட்டுப்பகுதியில் பிறந்தார். ஊசியிலை மரக் கழிகளில் கட்டிய கித்தான் கூடாரமே அவருடைய முதல் வீடு. லூன் என்னும் நீர்ப்பறவையின் கூவலும், விறகு வெடிக்கும் ஓசையும், பெரியோர் ஓஜிப்வே மொழியில் மெல்லப் பேசும் பேச்சுமே அவர் செவியில் முதலில் விழுந்த ஒலிகள். வறுமை இருந்தது, ஆயினும் சுற்றம் சூழ்ந்திருந்தது. அச்சுற்றத்தின் உள்ளத்தில் பள்ளி விதைத்த துன்பமும் உடனிருந்தது.

1958-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் ஒரு நாள், காட்டிலிருந்த பெரியவர்கள் கெனோரா என்னும் ஊருக்குச் சென்றனர். சென்றவர்கள் மதுவில் மூழ்கி, நாட்கள் பல கழிந்தும் திரும்பினார் அல்லர். காட்டுக் குடிலில் நான்கு குழந்தைகள் தனித்திருந்தனர். உணவு தீர்ந்தது. விறகும் தீர்ந்தது. எலும்பை ஊடுருவும் காற்று வீசிக்கொண்டிருந்தது. மூத்தவர்களாகிய அக்காளும் அண்ணனும் தாமும் சிறுவரே. ஆயினும் இனி அங்கிருந்தால் உயிர் தரிக்காது என்று உணர்ந்தனர். இளைய தம்பியர் இருவரையும் பனிச்சறுக்கு வண்டியில் வைத்துப் போர்த்தி, உறைந்து கிடந்த விரிகுடாவின் மேல் அவ்வண்டியை இழுத்துச் சென்றனர். மறுகரையில் மினாகி என்னும் சிற்றூர் இருந்தது. அங்கே புகைவண்டி நிலையத்தின் அருகில் ஒண்டியிருந்த அந்நால்வரையும் காவலர் ஒருவர் கண்டு, குழந்தைகள் காப்பகத்தாரிடம் ஒப்படைத்தார்.

உயிர் பிழைத்தது, ஆனால் உறவு அறுந்தது. அன்று பிரிந்த தாயின் முகத்தை அவர் மீண்டும் காண இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அயலார் மனையில்

காப்பகத்தார் குழந்தைகளை வெவ்வேறு வளர்ப்பு மனைகளில் விட்டனர். ஒன்பது வயதளவில் ரிச்சர்டை ஒரு வெள்ளையர் குடும்பம் மகவாக ஏற்றுக்கொண்டது. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள செயின்ட் கேத்தரின்ஸ் என்னும் நகரில் அக்குடும்பம் வாழ்ந்தது. உண்ண உணவும் உடுக்க உடையும் அங்கே கிடைத்தன. ஆனால் தன் இனத்தைப் பற்றிய ஒரு சொல்லும் அவன் செவிக்கு எட்டவில்லை. கண்ணாடியில் காணும் முகம் வீட்டில் எவர் முகத்தையும் ஒத்திருக்கவில்லை. அவனிடமிருந்த தொல்குடித் தன்மையை அடக்குவதே வளர்ப்பு முறையாக இருந்தது. அடியும் தண்டனையும் அதற்குக் கருவிகளாக இருந்தன.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1950-களின் பிற்பகுதி தொடங்கி 1980-கள் வரை, ஏறத்தாழ 20,000 தொல்குடிக் குழந்தைகள் இவ்வாறு தம் வீடுகளினின்று எடுக்கப்பட்டுப் பிறர் இல்லங்களில் வளர்க்கப்பட்டனர் என்று கணக்கிடுவர். உறைவிடப் பள்ளி ஒரு வாயிலாகச் செய்ததை, இவ்வழக்கம் மற்றொரு வாயிலாகச் செய்தது.

பதினாறு வயதில் ரிச்சர்டு அவ்வீட்டை விட்டு வெளியேறினார். உயர்கல்வி இல்லை, கைத்தொழில் இல்லை, தங்க இடமும் இல்லை. தெருவில் உறங்கினார். மதுவுக்கு அடிமையானார். சிறை வாழ்வும் கண்டார். தன்னை யாரென்று அறியாதவன் எவ்வழியில் நடந்தாலும் அது தன் வழியன்று என்பதற்கு அவ்வாண்டுகள் சான்று.

நூலகம் தந்த நிழல்

அந்நாட்களில் குளிருக்கு ஒதுங்க அவருக்குக் கிடைத்த இடம் பொது நூலகம். கதகதப்பை நாடியே முதலில் அவர் அங்குச் சென்றார். அமர்ந்திருக்க வேண்டுமாயின் ஏதேனும் படிக்க வேண்டுமன்றோ? ஒரு நூலை எடுத்தார், மற்றொன்றை எடுத்தார். தெரியாத சொல்லுக்குப் பொருள் தேடினார். ஒரு பொருளைப் பற்றி அறிந்ததும் அதனோடு தொடர்புடைய மற்றொன்றை அறிய விரும்பினார். கந்தல் உடுத்த அவ்விளைஞரை நூலகப் பணியாளர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. நூல்களை எடுத்துக் கொடுத்து உதவினர். பள்ளிப் படிப்பை முடிக்காத அவருக்கு நூலகமே கல்லூரியாயிற்று. பின்னாளில் அவர் பெற்ற எழுத்தாற்றலுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

தாய்வீட்டின் வாயில்

பனிச்சறுக்கு வண்டியில் அவரோடு போர்வைக்குள் இருந்த மற்றொரு தம்பி சார்லஸ். அவரும் அவ்வாறே பிறர் மனையில் வளர்ந்தவர். அவர் தம் உடன்பிறந்தாரைத் தேடும் முயற்சியில் ஈடுபட்டு, ரிச்சர்டு இருக்குமிடத்தை அறிந்து தொடர்பு கொண்டார். இருபத்தைந்து வயது நிறையுமுன் ரிச்சர்டு தம் தாயையும் சுற்றத்தாரையும் கண்டார்.

பிரிந்தவர் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமிராது என்பர். ஆனால் அங்கே பேசுதற்குப் பொதுமொழி இல்லை. அவர்கள் பேசிய ஓஜிப்வே மொழி அவருக்குப் புரியவில்லை. அவர்கள் சிரித்தபோது ஏன் சிரித்தனர் என்று தெரியவில்லை. காட்டில் நடக்கவும், வலை வீசவும், முதியோர்முன் அமரும் முறையும் அவர் அறியார். தம் வீட்டிலேயே அவர் விருந்தினராய் நின்றார்.

மொழி கற்கத் தொடங்கிய அவர் நாவில் முதன்முதல் திருத்தமாக வந்த ஓஜிப்வேச் சொல் ‘பீண்டிகேன்’ என்பது. அதற்கு ‘உள்ளே வாருங்கள்’ என்று பொருள். வீட்டு வாயிலில் நிற்போரை நோக்கிக் கூறும் சொல் அது. அச்சொல்லைக் கூறியபோது, தம் குடி என்னும் வீட்டின் கதவு தமக்குத் திறக்கப்பட்டதாக அவர் உணர்ந்தார். ஆயிரம் சொற்களுள் இச்சொல்லே முதலில் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! மொழி என்பது கருத்தை அறிவிக்கும் கருவி மட்டுமன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வினுள் நுழையும் வாயிலும் ஆகும்.

முதியோர் அவருக்குப் பல வழிகளில் துணை நின்றனர். அவருள் ஒருவர், கதை சொல்லுதலே அவருக்குரிய கடமை என்று உணர்த்தினார். எருமை முகில் என்று பொருள்படும் குலவழிப் பெயரும் அவருக்கு வழங்கப்பட்டது. பதிவேட்டால் குறுக்கப்பட்ட குடியின் மைந்தருக்குப் பொருள் நிறைந்த பெயர் மீண்டும் கிடைத்தது.

எழுத்துப் பணி

1979-ஆம் ஆண்டில் வாகமீஸ் தொல்குடி மக்களுக்கான இதழொன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். பின்னர் வானொலியிலும் நாளிதழிலும் பணியாற்றினார். கல்கரி நகரத்து நாளிதழில் அவர் எழுதிய பத்திகளுக்காக 1991-இல் தேசியச் செய்தித்தாள் விருது கிடைத்தது. அவ்வகையில் அவ்விருதைப் பெற்ற முதல் தொல்குடி எழுத்தாளர் அவரே.

1994-இல் அவர் எழுதிய முதல் நாவல், பிறர் மனையில் வளர்ந்த ஓஜிப்வே இளைஞன் ஒருவன் தன் ஊர் திரும்பி முதியவர் ஒருவரிடம் குலவழக்கைக் கற்பதைக் கூறுவது. 2012-இல் வெளிவந்த ‘இந்தியன் ஹார்ஸ்’ என்னும் நாவல் அவர் புகழை நாடெங்கும் பரப்பியது. அதன் தலைவன் சால் என்னும் ஓஜிப்வேச் சிறுவன். அவனைக் காக்க முயன்ற பாட்டி பனியில் உயிர் விடுகிறாள். அவன் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்படுகிறான். பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஹாக்கி ஆட்டத்தில் அவன் ஒப்பற்ற திறமை பெறுகிறான். ஆனால் அரங்கில் எழும் இகழ்ச்சிக் கூச்சல் அவன் உள்ளத்தைக் கைப்பாக்குகிறது. மதுவில் வீழ்ந்த அவன், தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும்போதுதான் நலம் பெறத் தொடங்குகிறான். தாம் பயிலாத பள்ளியின் கதையை வாகமீஸ் எழுதியது, தம் பெற்றோரின் வாய்மூடிய துன்பத்துக்கு நாவளித்தது போன்றது. 2017-இல் அக்கதை திரைப்படமாகவும் வந்தது.

சினம் தணிந்த வகை

தம் குடும்பம் சிதைந்ததற்குக் காரணம் எது என்று அறிந்தபோது வாகமீஸின் உள்ளத்தில் பெருஞ்சினம் மூண்டது. அப்பள்ளிகளை நடத்திய திருச்சபைகளை அவர் வெறுத்தார். தம் தோல்விகளுக்கெல்லாம் அவர்களே காரணம் என்று கூறிவந்தார். ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் ஓர் உண்மையைக் கண்டார். சினம் பிறரைச் சுடவில்லை. சினங்கொண்ட தம்மையே சுட்டது.

ஒரு நாள் அவர் துணிந்து, அத்தகைய திருச்சபை ஒன்றைச் சேர்ந்த ஆலயத்துக்குச் சென்று அமர்ந்தார். குற்றம் காணும் நோக்குடனே சென்றவர், கண்ணை மூடிக்கொண்டு செவி சாய்த்தார். அன்பு, இரக்கம், பணிவு ஆகியவற்றைப் பற்றி அங்கே பேசப்பட்டது. தம் குலத்து முதியோர் சடங்குகளில் கூறிய அறமும் அதுவே அன்றோ என்று அவர் வியந்தார். சுற்றிலும் நோக்கினார். அங்கிருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம்மைப்போலவே அமைதியை நாடி வந்த எளிய மக்கள். அதன்பின்னும் பலமுறை அவர் அங்குச் சென்றார். சினத்தின் சுமை சிறிது சிறிதாகக் குறைந்தது.

அவருடைய தாய் தம் பள்ளி வாழ்வின் கொடுமை எதனையும் மகனிடம் கூறியவர் அல்லர். அவ்வன்னையின் வீடு தூய்மையாக இருந்தது. சுவரில் சிலுவை இருந்தது. பள்ளியில் கற்ற சில பழக்கங்களை அவர் நன்மையாகவே கருதினார். இதனைக் கண்ட மகன், கொடுமைகளைக் கூறும் உண்மையும் வேண்டும். இவ்வாறு அமைதி கண்டோர் கூறும் உண்மையும் வேண்டும் என்று எழுதினார். தம் வழக்குக்கு ஏற்றதை மட்டும் கூறாமல், முழு உண்மையையும் கூற விழைந்த நேர்மை அது. மன்னித்தல் என்பது நடந்ததை மறைத்தல் அன்று. நடந்ததை முழுதும் அறிந்தபின், அதன் பிடியிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளுதலே ஆகும்.

மைந்தனுக்கு ஒரு மடல்

குடியை மீட்டவுடன் துன்பம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. மதுவின் பிடி அவரை விட்டும் விடாமலும் தொடர்ந்தது. அதனால் தம் இளமகன் ஜோஷுவாவைப் பிரிந்திருக்கவும் நேர்ந்தது. தந்தையை இழந்து வருந்தியவரே, மகனுக்குத் தந்தையாக இருக்க இயலாமற்போனார். தம் பெற்றோர் செய்த பிழையின் காரணம் அப்போது அவருக்கு நன்கு விளங்கியது.

ஓஜிப்வே மரபில், பிள்ளைக்கு உலகை அறிமுகம் செய்து வைத்தல் தந்தையின் கடமை. மரம் எது, பறவை எது, நம்மோடு அவை கொண்ட உறவு எது என்று கைப்பிடித்து நடந்து காட்ட வேண்டும். அக்கடமையை நேரில் ஆற்ற இயலாத வாகமீஸ், மகனுக்கு எழுதும் மடலாக ஒரு நூலை 2002-இல் வெளியிட்டார். தம் வீழ்ச்சிகளை அதில் அவர் மறைக்கவில்லை. தாம் இடறிய இடங்களையெல்லாம் காட்டி, மகன் அங்கே இடறாதிருக்க வழி கூறினார். பொன்னும் பொருளும் வைத்துச் செல்லும் தந்தையர் பலர். தம் குற்றங்களையே பாடமாக்கி வைத்துச் செல்லும் துணிவுடையோர் சிலரே. 2014-இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நாவலும், இறக்கும் நிலையிலுள்ள தந்தையை மலைக்கு அழைத்துச் செல்லும் மகனின் கதையே. தந்தை வழியில் கூறும் பழங்கதைகளே மகனுக்கு அவன் பெறும் உடைமையாகின்றன.

விழுந்தும் எழுந்தும் நடந்த அவருடைய பயணம் 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் முடிவுற்றது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துக் காம்லூப்ஸ் நகரில் தம் அறுபத்தொன்றாம் வயதில் அவர் காலமானார்.

நாடு விழித்தது

2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், கனடாவின் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, உறைவிடப் பள்ளிகளால் விளைந்த தீங்குக்கு அரசின் சார்பில் மன்னிப்பு வேண்டினார். அவ்வாண்டிலேயே உண்மை கண்டு இணக்கம் காணும் ஆணையம் அமைக்கப்பட்டது. தொல்குடியினரான மரே சின்கிளேர் என்னும் நீதிபதி அதற்குத் தலைமை தாங்கினார். ஆயிரக்கணக்கானோரின் சான்றுகளைக் கேட்ட அவ்வாணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வழங்கியது. 2021 முதல் செப்டம்பர் 30-ஆம் நாள் அத்துயரை நினைவுகூரும் தேசிய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தண்டனைக்கு அஞ்சி அடக்கப்பட்ட ஓஜிப்வே மொழி, இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படுகிறது. பேசுவோர் தொகை குறைந்துள்ளமையால், முதியோர் வாயிலுள்ள சொற்களை இளையோர் விரைந்து கற்க முயல்கின்றனர்.

சட்டமும் மன்னிப்பும் நாடு செய்ய வேண்டிய கடமைகள். ஆனால் ஒவ்வொருவர் உள்ளத்திலும் அறுந்த இழையை மீண்டும் முடிய, ஒரு கதையும், அதைச் சொல்வார் ஒருவரும், கேட்பார் ஒருவரும் வேண்டும். பனிவெளியில் இரு சிறுவர் இழுத்துச் சென்ற வண்டி அன்று நான்கு உயிர்களைக் காத்தது. அவ்வண்டியில் அமர்ந்து சென்ற சிறுவன் வளர்ந்து எழுதிய நூல்கள், வழி தெரியாது நின்ற மக்கள் பலரைத் தம் வீட்டு வாயில்வரை அழைத்துச் சென்றன. அவ்வாயிலில் ஒலிக்கும் சொல் ஒன்றே: ‘உள்ளே வாருங்கள்’ என்பது.

வினாக்கள்

1. வாகமீஸ் என்னும் குடும்பப் பெயரின் பொருள் யாது? அப்பெயர் எவ்வாறு குறுகியது?
2. காட்டரிசி கொய்யும் முறையால் ஓஜிப்வே மக்களின் எப்பண்பு புலப்படுகிறது?
3. உறைவிடப் பள்ளியில் பயிலாத வாகமீஸ், தாமும் அப்பள்ளியால் கெட்டவர் என்று எழுதியது ஏன்? விளக்குக.
4. பொது நூலகம் அவர் வாழ்வில் செய்த மாற்றத்தைச் சுருக்கி எழுதுக.
5. ‘மன்னித்தல் என்பது நடந்ததை மறைத்தல் அன்று’ — பாடத்தைக் கொண்டு விளக்குக.
6. உங்கள் வீட்டிலுள்ள முதியோரிடம் உங்கள் குடும்பத்தின் பழைய கதை ஒன்றைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.